டர்பனிலிருந்து மூன்று நாள்: கேமராவோடு எந்த மலைக்கு?

தொடர் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கேமரா வைத்திருக்கும் தம்பி தங்கைகள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, மூன்று நாள் கிடைக்கிறது. மலைகளைப் படமெடுக்க எங்கே போகலாம்?" பெரும்பாலும் நான்கு பெயர்கள் அவர்கள் மனத்தில் இருக்கும். டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரின் ஆம்ஃபிதியேட்டர் பாறை மதிலைக் கீழே நின்று பார்க்கும் ராயல் நேட்டால் பூங்கா, அதே மதிலின் மேலே ஏறும் சென்டினல் பாதை, லெசோத்தோ எல்லையில் சானி கணவாய், வடக்கே புமலங்காவில் பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. நான்குமே பெரிய இடங்கள். எது அழகு என்று கேட்டுக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. மூன்று நாளில் நல்ல ஒளி எத்தனை முறை உங்கள் முன்னால் விழும், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க முடியுமா என்று கேட்டால் விடை தெளிவாகிவிடும்.

முதல் முறை போகிறவருக்கு நான் ராயல் நேட்டாலைத்தான் சொல்வேன். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். எல்லோருக்கும் அதே பதில் பொருந்தாது என்பதால் மற்ற மூன்றையும் தள்ளிவிடப் போவதில்லை.

முதலில் நாள். ஈஸ்டர்தான் நீண்ட விடுமுறை. ஆனால் அது நம்மில் பலருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு உரிய நேரம். கூழும் கரகமும் இருக்கும் வீட்டில் அந்த வாரம் மலைக்குப் போவதைப் பேசவே முடியாது. கவலைப்பட வேண்டாம், அதைவிட நல்ல நாள் பின்னால் வருகிறது. ஏப்ரல் 27 சுதந்திர தினத்துக்கும் மே 1 தொழிலாளர் தினத்துக்கும் நடுவே விழும் அந்த வாரம், என் கணக்கில், ஆண்டிலேயே சிறந்தது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெய்த மழை ஓய்ந்திருக்கும். அருவிகளில் இன்னும் நீர் இருக்கும். புல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். காற்றில் புகை ஏறியிருக்காது. ஜூன், ஜூலையில் வானம் இன்னும் தெளிவு. ஆனால் தீத்தடுப்புக்காகப் புல்வெளிகளைப் பட்டை பட்டையாக எரிப்பார்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்துக்குள் சரிவுகளில் பல இடங்கள் கறுத்துக் கிடக்கும், தூரத்து முகடுகள் புகைமூட்டத்தில் மங்கிவிடும். அது புரட்டாசியும்கூட, விரதம் இருப்பவர்கள் சமைத்துச் சாப்பிட அடுப்புள்ள விடுதியாகப் பார்க்க வேண்டும்.

கோடையில் போகலாமா? மேகம் வேண்டுமென்றால் கோடைதான். சுவர் முழுக்கப் பச்சை, நண்பகலுக்கு மேல் குவியும் கருமேகம், மழை விட்டதும் பாறைகளில் வெள்ளி நூல்களாக இறங்கும் நீர். படத்துக்கு நாடகம் அங்கேதான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். தென்னாப்பிரிக்காவில் மின்னல் மிக அதிகமாக விழும் பகுதிகளில் டிராகன்ஸ்பர்க் ஒன்று. பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்த மேட்டில் முக்காலியை நட்டுக்கொண்டு நிற்பவர், அந்த மேட்டிலேயே உயரமான பொருள் தானாகிவிடுகிறார். கோடையில் விடியலில் படமெடுத்து, பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை; இடி கேட்ட பிறகு "இன்னும் ஒரு படம்" என்று யார் சொன்னாலும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இனி ராயல் நேட்டால். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் போய், பெர்க்வில் வழியாகத் திரும்பினால் மூன்று, மூன்றரை மணி நேரம். கடைசிப் பகுதியில் சாலைக் குழிகளும் மாடுகளும் உண்டு. இருட்டுவதற்குள் போய்ச் சேர்வது நல்லது. பூங்காவுக்குள் தெண்டெலே என்ற விடுதி இருக்கிறது, வீடுகளில் அடுப்பு உண்டு. வாசலில் நின்றாலே ஆம்ஃபிதியேட்டர் மதில் எதிரே நிற்கும். சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு, பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே எழும் கரும்பாறைச் சுவர். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு அது. அடியில் வெளிர்நிற மணற்பாறை, மேலே கரும்பாறை. காலை ஒளியில் இந்த இரண்டு நிறங்களும் தனித்தனியாகத் தெரியும்.

இந்த மதில் பார்க்கும் திசைதான் என் முடிவுக்கு முதல் காரணம். அது ஏறத்தாழ வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. அதாவது சூரியன் உதித்ததும் முதல் ஒளி நேராக அதன் முகத்தில் விழுகிறது. முதலில் உச்சி விளிம்பில் மட்டும் ஒரு கோடு போல இளஞ்சிவப்பு தொடங்கும். கீழே பள்ளத்தாக்கு முழுக்க நீலநிழலில் இருக்கும். அந்தக் கோடு மெல்ல அகலமாகிச் சுவரில் இறங்கும், இறங்க இறங்கச் சிவப்பு ஆரஞ்சாகி, பொன்னாகி, பிறகு வெறும் வெளிச்சமாகிவிடும். சிவப்பு நிற்பது சில நிமிடங்கள்தான். அப்போது கேமராவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இருட்டிலேயே முக்காலி நின்றிருக்க வேண்டும், முன்னணியில் எந்தப் பாறை, எந்த நீர்த்தேக்கம் என்று முந்தைய நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும். தூகேலா ஆறு பள்ளத்தாக்கில் உருளைக்கற்களுக்கு நடுவே ஓடுகிறது. காற்றில்லாத காலையில் கரையோரத் தேக்கங்களில் மதில் தலைகீழாகத் தெரியும். கேமராவை முழங்கால் உயரத்துக்கும் கீழே இறக்கினால் அந்தப் பிரதிபலிப்பு இரட்டிப்பாகும்.

இங்கே உள்ள சிக்கல், வானத்துக்கும் நிழலுக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு. மதில் ஒளிரும் நேரத்தில் பள்ளத்தாக்கு அட்டைக்கறுப்பாக இருக்கும். மேல்பாதி கருத்து, கீழ்ப்பாதி தெளிந்த படிநிலை ஃபில்டர் ஒன்று உதவும். இல்லையென்றால் முக்காலியை அசைக்காமல் மூன்று வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்துப் பிறகு சேர்க்கலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனென்றால் மதிலின் விளிம்பு நேர்கோடாக இல்லை. ஃபில்டரின் கோடு சென்டினல் முகட்டின் உச்சியையும் சேர்த்துக் கருப்பாக்கிவிடும்.

பிற்பகலில் கதை மாறிவிடுகிறது. சூரியன் மதிலுக்குப் பின்னால் போய்விடும், சுவர் தட்டையான நிழலாகத் தெரியும். மாலையில் எடுக்கக் கிடைப்பது வானமும் விளிம்பின் நிழலுருவமும்தான். அந்த நேரத்தைத் தூகேலா இடுக்குப் பாதைக்கோ ஓய்வுக்கோ வைத்துக்கொள்ளலாம். இடுக்குப் பாதை போய்வர ஐந்தாறு மணி நேரம். கடைசியில் ஆற்றின் கற்கள்மீது தாவித் தாவிப் போக வேண்டும். முக்காலியைக் கையில் பிடிக்காமல் முதுகில் கட்டிக்கொண்டு போவது அவசியம், இரண்டு கையும் தேவைப்படும். மழை பெய்துகொண்டிருந்தால் ஆறு திடீரெனப் பெருகும், அப்போது உள்ளே போகக் கூடாது.

ஜூன் மாதம் போகிறவருக்கு இரவில் ஒரு கூடுதல் பரிசு உண்டு. விடியலுக்கு முன், ஐந்து மணி வாக்கில், பால்வெளியின் செறிந்த நடுப்பகுதி தென்மேற்காகச் சாய்ந்து மதிலின் பக்கம் இறங்கும். தனுசு ராசிப் பக்கம் பால் சிந்தினதுபோல் வெண்மை; அதன் கீழே கறுப்புச் சுவர். நிலவில்லாத நாளாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உபரியை உள்சட்டைப் பைக்குள் உடம்போடு வைத்திருங்கள்.

ராயல் நேட்டாலின் பெரிய பலம், ஒரு காலை மூட்டத்தில் போய்விட்டாலும் அடுத்த காலை அதே இடத்தில் நிற்கலாம் என்பது. நடை ஐந்து நிமிடம். இரண்டு இரவு தங்கினால் இரண்டு விடியல் உறுதி; மூன்று தங்கினால் மூன்று. வேறு எந்த இடமும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு வாய்ப்பைத் தருவதில்லை.

சென்டினல் பாதைக்கு வருவோம். படங்களில் நாம் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இங்கிருந்து எடுத்தவை: காலடியில் பாறை விளிம்பு, தூகேலா அருவி விழும் உதடு, கீழே மேகக்கடல். மதிலின் மேலே நிற்பது என்பது முற்றிலும் வேறு அனுபவம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூகேலா அருவி ஐந்து தாவலாக மொத்தம் 948 மீட்டர் இறங்குகிறது, உலகின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. கீழே நின்று பார்க்கும்போது வெறும் கோடாகத் தெரிவது, மேலே அதன் தலைமாட்டில் உட்கார்ந்தால் ஒரு சிறிய ஓடை. கையால் அள்ளிக் குடிக்கலாம், பத்தடி தள்ளிப் பூமி முடிந்துவிடுகிறது.

ஆனால் படமெடுப்பவருக்கு இதன் விலை அதிகம். டர்பனிலிருந்து ஹாரிஸ்மித், புத்தடிட்ஜாபா வழியாகச் சுற்றிப் போக வேண்டும்; இது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பக்கம். கடைசிச் சில கிலோமீட்டர் மண்பாதை மோசமானது, சாதாரணக் காரை விட்சீஸ்ஹூக் மலைவிடுதியில் விட்டுவிட்டு அவர்கள் வண்டியில் ஏறுவது நல்லது. வண்டி நிற்குமிடமே 2,500 மீட்டருக்கு மேல். அங்கிருந்து நடை, பிறகு செங்குத்துப் பாறையில் பொருத்திய இரண்டு சங்கிலி ஏணிகள். ஏணி காற்றில் லேசாக ஆடும், பாறையில் உரசும் சத்தம் கேட்கும். உயரத்தைக் கண்டு நடுங்குபவர் முதுகில் பத்துக் கிலோ பையோடு அதில் ஏற வேண்டாம். நின்று, படமெடுத்து, திரும்பிவர ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும்.

இதிலுள்ள சிக்கல் இதுதான்: காலையில் நடக்கத் தொடங்குபவர் விளிம்பை அடையும்போது மணி பத்து, பதினொன்று. ஒளி செங்குத்தாக விழும், பள்ளத்தாக்கில் வெண்மூட்டம். அங்கே விடியலைப் பிடிக்க வேண்டுமானால் மேலேயே கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். குளிர்காலத்தில் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அந்த மேட்டில் கூடாரங்களில் திருட்டு நடந்த செய்திகளும் உண்டு, ஆகவே குழுவாக, வழிகாட்டியோடு போவதைத் தவிர வேறு வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. மலையேற்றப் பழக்கம் உள்ளவருக்கு, இரண்டாவது பயணமாக, இது மிகச் சிறந்தது. முதல் பயணத்திலேயே இதைத் தேர்வு செய்தால் உடம்பு களைத்துப்போய், கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வராது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே ஏறாமலேயே இந்தப் பக்கத்தில் ஒரு நல்ல படம் இருக்கிறது. விட்சீஸ்ஹூக் விடுதி மலையின் மறுபுறம், மேற்குப் பக்கம். கீழே ராயல் நேட்டாலில் மாலை இருட்டாக இருக்கும் அதே நேரம், இங்கே மாலை வெயில் 3,165 மீட்டர் சென்டினல் முகட்டின் முகத்தில் முழுமையாக விழுகிறது. காலைக்கு அந்தப் பக்கம், மாலைக்கு இந்தப் பக்கம்.

சானி கணவாய்க்கு இரண்டு தேவை: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, கடவுச்சீட்டு. முதலாவது இல்லாவிட்டால் கீழே காவலரே திருப்பி அனுப்புவார். ஹிமவில், அண்டர்பர்க் ஊர்களிலிருந்து சுற்றுலா வண்டிகள் போகின்றன. உச்சி 2,876 மீட்டர், அது லெசோத்தோ. படம் என்னவோ ஒரே ஒரு பெரும் காட்சிதான்: உச்சியிலிருந்து கீழே பார்க்கும்போது, புல்மேட்டுச் சுவர்களுக்கு நடுவே சுருண்டு சுருண்டு இறங்கும் கொண்டைஊசி வளைவுகள். அந்தக் காட்சி அபாரம். ஆனால் கணவாய் கிழக்கைப் பார்ப்பதால் பிற்பகலில் சீக்கிரம் நிழல் விழுந்துவிடும். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்கே உதித்துவிடும், சாவடி திறப்பதற்குள் நல்ல ஒளி போய்விடும். ஆகவே கோடையில் சானி என்றால் உச்சி விடுதியில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். ஜூன், ஜூலையில் உதயம் ஏழுமணிக்குச் சற்று முன், அப்போது கீழிருந்தே கிளம்பி வழியில் நல்ல ஒளியைப் பிடிக்கலாம். பனி விழுந்திருந்தால் சானிக்கு இணை வேறில்லை. குளிர்காலத்தில் பனிப்பொழிவு செய்தி வந்தால், மற்ற எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிட்டு அங்கே போங்கள் என்பேன். பாதை திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் இருப்பவர் எல்லையைத் தாண்டினால் திரும்பி வருவது சிக்கலாகும். விசாவைப் படித்துப் பார்க்காமல் சானிக்குக் கிளம்ப வேண்டாம். மேலே போர்வை போர்த்திய பசூத்தோ இடையர்களைப் படமெடுப்பதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மலைப்படம் எடுக்க வந்தவர் மனிதர்களைப் பாறைபோல நடத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கு கடைசி. எனக்கு மிகவும் பிடித்த நிலம் அது: சுமார் 25 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு, செம்பாறைச் சுவர்கள், அடியில் வளையும் நீர், எதிரே குடிசைகளின் கூரைபோல் மூன்று வட்ட முகடுகள். அவற்றுக்கு மாலை ஒளி நேராக விழும். கிழக்கைப் பார்த்த காட்ஸ் விண்டோ முனையில் விடியல். ஆனால் பல நாள் வெள்ளை மூட்டத்தைத் தவிர எதுவும் தெரியாது. பூர்க்ஸ் லக்கில் ஆறு குடைந்த பாறைக் குழிகளில் முக்காலியை வைத்து நீரைப் பட்டாக இழுத்து எடுக்கலாம். பிரச்சினை தூரம்தான். டர்பனிலிருந்து அங்குள்ள கிராஸ்காப் ஊருக்கு எட்டு, ஒன்பது மணி நேரம். மூன்று நாளில் இரண்டு நாள் சாலையில் போய்விடும். காட்சிமுனைகளுக்கு நுழைவாயிலும் மூடும் நேரமும் இருப்பதால், அந்தி வெளிச்சத்துக்கு நிற்க வேண்டுமானால் விளிம்பிலேயே உள்ள விடுதியில் தங்க வேண்டும்.

ஆனாலும் ஐந்து நாள் கிடைக்குமானால், கூடவே தாத்தா பாட்டி வருவதானால், நான் பிளைட்டைத்தான் சொல்வேன். அங்கே பெரிய காட்சிகள் பலவும் கார் நிறுத்துமிடத்திலிருந்து சிறு நடைதூரத்தில் இருக்கின்றன. இதை நான் வசதி என்று மட்டும் பார்க்கவில்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய தலைமுறைக்குக் கரும்புத் தோட்டம்தான் உலகம். அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில், பொது வசதிகளை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1990இல்தான் அது நீக்கப்பட்டது. இன்று எழுபது வயதில் இருக்கும் அம்மாக்கள் பலர் இந்த மலைகளை இளமையில் பார்க்கவே இல்லை. அவர்களை அந்த விளிம்புக்கு அழைத்துப்போவது எந்தப் படத்தையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். வெயில் தாழும் நேரத்தில் அவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பதைப் பின்னாலிருந்து எடுங்கள், அளவும் தெரியும்.

கடற்கரைப் பாறைகளை விரும்புபவர்கள் காஃபி பே அருகே உள்ள துளைப்பாறையைக் கேட்பார்கள். ஆறேழு மணி நேரப் பயணம், பாதையில் கால்நடைகள், சேர்ந்ததும் ஒரு பாறை. பாறை அற்புதம்தான், அலையின் உயரம், கடலேற்றம், சூரியன் மூன்றும் சேர வேண்டும். மூன்று நாளில் அதை நம்பிப் போக மாட்டேன்.

நான்கு இடத்துக்கும் பொதுவான சில செய்திகள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டிராகன்ஸ்பர்க் பூங்காவில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது, பாறைகளில் கூடு கட்டும் தாடிக் கழுகுகள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. பாறை ஓவியங்களை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. லென்ஸ் என்றால் எல்லோரும் அகலக்கோண லென்ஸை வாங்குகிறார்கள். மலை எதிரே நிற்கும்போது அகலக்கோணம் மலையைச் சிறிதாக்கிவிடும். 70–200 மி.மீ. அளவிலான ஒரு லென்ஸ் முகடுகளை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கித் தரும். குளிரில் நின்ற கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டு வந்தால் உள்ளே வியர்க்கும், பையோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

முதல் முறை போகிறவருக்கு என் திட்டம் இது. முதல் நாள் மதியம் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே தெண்டெலே போய்ச் சேர்ந்து, ஆற்றோரத்தில் நாளைக்கான பாறையைத் தேர்ந்து வையுங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் இரவுச் சமையல் மிச்சம். இரண்டாம் நாள் விடியல் மதில். பகலில் இடுக்குப் பாதையில் போக முடிந்த தூரம். மூன்றாம் நாள் விடியல் மறுபடியும் மதில், முந்தைய காலை கெட்டிருந்தால் இது உங்கள் இரண்டாவது வாய்ப்பு. ஒருநாள் கூடுதலாக விடுப்பு எடுக்க முடியுமானால், மூன்றாம் நாள் மதியம் ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓட்டி, விட்சீஸ்ஹூக்கில் மாலையைப் பிடித்து அங்கேயே தூங்கலாம். இரவோடு இரவாக டர்பனுக்குத் திரும்ப வேண்டாம். வான் ரீனன் கணவாயில் மூட்டம் இறங்கினால் லாரிகளின் பின்விளக்கைத் தவிர எதுவும் தெரியாது.